புயல் போகட்டும், கீரை விதைக்கலாம்!

ஊட்டியில் மார்கழி என்றால் உறைபனி. தோட்டம் போடுபவர்கள் அதற்குப் பயந்துதான் நாள் பார்ப்பார்கள். செங்கல்பட்டு, மாமல்லபுரம் பக்கம் அந்தக் கவலை இல்லை. ஜனவரி விடியற்காலையில்கூட வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். இங்கே நாள் பார்க்க வைப்பது புயல்.

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. அதற்கு முந்தைய வாரம் கீரை தூவிய பாத்தி என்ன ஆகியிருக்கும்? கீரை விதை கடுகைவிடச் சிறியது. கனமழையில் பாதி அடித்துக்கொண்டு போகும், மீதி மண்ணில் புதைந்து அழுகும். விதைக் காசு போனால்கூடப் பரவாயில்லை. மழைக்குப் பிறகு கட்டு விலை ஏறும் நேரத்தில் விற்கக் கீரை இல்லாமல் நிற்பதுதான் சிறு விவசாயிக்குப் பெரிய அடி.

அதனால் மார்கழி பிறக்கட்டும். வங்கக் கடலில் புதிய தாழ்வு மண்டலம் இல்லை என்று தெரிந்ததும் தொடங்குங்கள். முதலில் வெந்தயம். இரவு ஊறவைத்து டிசம்பர் 20 வாக்கில் தூவினால், பொங்கலுக்குப் பறித்துவிடலாம். கொத்தமல்லிக்குப் பொறுமை வேண்டும். விதையை லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போட்டாலும் முளைக்கப் பத்து நாள், பறிக்க நாற்பது நாள் ஆகும். பாலக்கும் இந்தக் குளிரில் நன்றாக இலை விடும். மொத்த விதையையும் ஒரே நாளில் கொட்டிவிடாதீர்கள். பத்து நாளுக்கு ஒரு பிடி போதும். மறுபடி மழை அடித்தாலும் கையில் விதை மிஞ்சும்.

சிறுகீரையும் தண்டுக்கீரையும் வெயில் பிள்ளைகள், பனியில் மெதுவாகத்தான் வளரும். இலையின் அடியில் வெள்ளைக் கொப்புளம் தெரிந்தால் வெண்துரு நோய். அந்த இலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, தண்ணீரை இலைமேல் தெளிக்காமல் வேரில் ஊற்றுங்கள்.

கடலோர மணலில் ஈரம் நிற்காது. மக்கிய தொழு உரம் தாராளமாகக் கலக்க வேண்டும், உப்புக் காற்றுக்கு ஒரு பக்கம் நிழல்வலை கட்டினால் நல்லது. ஏரிப் பாசனக் களிமண் என்றால் மேட்டுப்பாத்திதான் சரி.

மாசியில் வெயில் ஏறியதும் கொத்தமல்லி பூக்கத் தொடங்கும். அந்தத் தொட்டியைக் காலி செய்து தண்டுக்கீரையைத் தூவிவிடுங்கள்.