தோட்டா செலவை மிச்சம் பிடிக்க ரிவால்வரை மாத்தலாமா? 7 வருஷம் உள்ளே போக வேண்டி வரும்!

காரைக்கால்:

பாயிண்ட் 32 தோட்டா விலை அதிகம். பாயிண்ட் 22 தோட்டா மலிவு. சத்தமும் உதைப்பும் கூட குறைவு. "அப்ப ரிவால்வரையே 22-க்கு மாத்திட்டா என்ன?" என்று லைசென்ஸ்தாரர்களுக்கு ஆசை வருவது சகஜம். குரும்பகரமோ காரைக்கால் டவுனோ, யாராக இருந்தாலும் பட்டறைக்குப் போகும் முன் இதைப் படிச்சிடுங்க.

என்ன வித்தியாசம்?

32 தோட்டாவுக்கு மருந்து மூடி அடிப்பாகத்தின் நடுவில் இருக்கும். 22-க்கு விளிம்புக்குள் இருக்கும். அடிக்கும் முள் படும் இடமே வேற. தோட்டா அறையும் குழலும் கூட மாறணும். அறையும் குழலும் மயிரிழை விலகினாலும் ஈயம் சிதறி, சுடுகிறவர் கையையே பதம் பார்த்துவிடும்.

அமெரிக்காவில் இதற்கு ரெடிமேட் செட் விற்கிறார்கள். பிரிட்டிஷ் ராணுவமும் செலவைக் குறைக்க 303 ரைபிள்களை 22 ஆக மாற்றி பயிற்சி கொடுத்தது. நம்ம ஊர் என்.சி.சி. மாணவர்கள் சுட்டுப் பழகியதும் 22 ரைபிளில்தான்.

சட்டம் என்ன சொல்லுது?

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் 5-வது பிரிவின்படி துப்பாக்கி தயாரிக்க மட்டுமல்ல, மாற்றி அமைக்க, ரிப்பேர் பார்க்கக்கூட தனி லைசென்ஸ் வேண்டும். மீறினால் முன்பு 3 முதல் 7 ஆண்டு ஜெயில். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். கள்ளத்துப்பாக்கி செய்பவருக்கும் இதே தண்டனைதான் என்பது குறிப்பிடத்தக்கது.

வைத்திருக்கும் லைசென்சும் கைகொடுக்காது. அதில் 32 என்று இருந்தால், வீட்டில் 22 தோட்டா இருப்பதே தனி வழக்கு.

எல்லைச் சிக்கல்

நம்ம மாவட்டத்தைச் சுற்றி தமிழ்நாடு. லைசென்ஸ் புதுச்சேரிக்குள் மட்டும் செல்லும் என்றிருந்தால், துப்பாக்கியோடு எல்லை தாண்டினாலே தப்பு. தேர்தல் நேரத்தில் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னால், போலீசார் நம்பரையும் ரகத்தையும் சரிபார்த்துத்தான் வாங்குவார்கள். மாத்தின குட்டு அங்கேயே உடைஞ்சிடும்.

நேர் வழி இருக்கு

22 ரிவால்வர் இந்தியாவிலேயே தயாராகியிருக்கிறது. இஷாப்பூர் அரசு ரைபிள் தொழிற்சாலையின் 'நிடர்' 250 கிராம் எடைதான். கான்பூரில் 2014-ல் வந்த 32 ரக 'நிர்பீக்' விலையோ அப்பவே ரூ.1,22,360.

22 தான் வேணும்னா, கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்து முறைப்படி வாங்குவதே புத்திசாலித்தனம். தோட்டா காசை மிச்சம் பிடிக்க பட்டறைக்குப் போவது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்.