லென்ஸ் சோதனை எண்களை எவ்வளவு நம்பலாம்?

காமிரா லென்ஸ் வாங்க முற்படும் களப்பணியாளரும் ஆசிரியரும் முதலில் நாடுவது, அச்சில் வெளிவரும் சோதனை அட்டவணையையே. அதில் ஒரு லென்ஸ் மற்றொன்றைவிடச் சிறிது கூடுதலான எண்ணைப் பெற்றிருப்பின், அதுவே சிறந்தது என முடிவு கட்டிவிடுகிறோம். இவ்வழக்கம் சரியன்று என்பது என் கருத்து.

அளவுகோலையே முதலில் நோக்குவோம். அமெரிக்க விமானப் படை 1951-இல் வகுத்த கோட்டுப் படம் இன்றும் வழக்கிலுள்ளது. அதில் அடுத்தடுத்த கோட்டுத் தொகுதிகளின் நுண்மை ஏறத்தாழ 12 சதவீதம் வேறுபடும். எத்தொகுதிவரை கோடுகள் பிரிந்து தெரிகின்றன என்பதைப் பெரும்பாலும் கண்ணே தீர்மானிக்கிறது. இருவர் பார்த்தால் ஒரு படி முன்பின் ஆகலாம். அந்த ஒரு படியைக் கொண்டு தரம் பிரிப்பது எங்ஙனம்?

உற்பத்தியாளர் வெளியிடும் வரைபடங்களுள் சில, வடிவமைப்பிலிருந்து கணக்கிட்டு வரையப்பட்டவை. செய்து முடித்த லென்ஸை அளந்து வரைந்தவை அல்ல. அளந்தாலும், உள்ளிருக்கும் கண்ணாடிகளுள் ஒன்று மயிரிழையளவு சாய்ந்திருப்பின் படத்தின் ஒரு பக்கம் மங்கும். ஆகவே, ஒரே பெயருடைய இரு லென்ஸுகள் முற்றிலும் ஒத்திருப்பதில்லை.

பயன்படுத்தும் நிலையும் வேறு. இலைநோயை அருகிலிருந்து படமெடுப்பவர் துளையை எஃப் 16 வரை குறுக்குவார். அப்பொழுது ஒளியின் விளிம்பு விலகலால் ஒவ்வொரு புள்ளியும் சுமார் 0.02 மில்லிமீட்டர் வட்டமாக விரியும். அந்நிலையில், அட்டவணையில் முதலிடம் பெற்ற லென்ஸுக்கும் நடுத்தர லென்ஸுக்கும் உள்ள வேற்றுமை பெரிதும் மறைந்துவிடும்.

இத்தகைய அட்டவணையொன்றை மொழிபெயர்க்கையில், 'சோதித்தது ஒரு லென்ஸை மட்டுமே' என்ற அடிக்குறிப்பை இடமின்மை கருதி நானே ஒருமுறை விட்டுவிட்டேன். எண்கள் நின்றன, எச்சரிக்கை மறைந்தது. அப்பிழையை இன்றும் எண்ணி வருந்துகிறேன்.

சோதனைகள் பயனற்றவை என்று நான் கூறவில்லை. பெருங்குறையுள்ளவற்றை ஒதுக்க அவை உதவும். எஞ்சியவற்றுள் ஒன்றைத் தேர்ந்து வாங்கியதும், செய்தித்தாள்களைச் சுவரில் தட்டையாக ஒட்டி, காமிராவை முக்காலியில் நேராக நிறுத்திப் படமெடுங்கள். நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். மீண்டும் மீண்டும் ஒரு மூலை மட்டும் மங்கலாயிருப்பின், தயங்காது மாற்றித் தரக் கேளுங்கள். மாணவரைக் கொண்டு இதனைச் செய்விப்பின், அளவைப் பிழை பற்றிய நல்லதொரு பாடமாகவும் அமையும்.