யாழுக்கு வேலை கொடுங்கள்!

பைக்காரா என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது மின்சாரம். 1932-ல் அங்கே தொடங்கிய நீர்மின் நிலையம் கோவை ஆலைகளுக்கு உயிர் கொடுத்தது. இன்றோ ஏரியையும் படகையும் அருவியையும் நாடி, ஊட்டி - கூடலூர் சாலையில் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் வந்து இறங்குகிறார்கள். அந்த நீலமலைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அதைக் கேட்பவர்கள்தாம் குறைவு.

பைக்காரா ஆற்றைப் புனிதமாகக் கொண்டாடும் தொதவர்கள் வாழும் அதே மலையில் கோத்தர்களும் வாழ்கிறார்கள். மொத்தம் ஏழே ஊர்கள். ஜனத்தொகை சுமார் 2,000. கொல்லர் வேலை, தச்சு வேலை, மண்பாண்டம் வனைதல் எல்லாம் அவர்களுக்குக் கைவந்த தொழில். சங்கீதமும் அப்படியே. நாகசுரத்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு குழல், வளைந்த பித்தளைக் கொம்பு, சில தோற்கருவிகள் - இவ்வளவுதான் அவர்களுடைய மேளம். முன்காலத்தில் தொதவர் வீட்டுச் சாவுக்கும் இவர்கள்தாம் வந்து வாசித்தார்கள்.

அந்த மேளம் இன்றும் ஒலிக்கிறது. யாரும் அதற்குப் புத்துயிர் கொடுக்க மாநாடு கூட்டவில்லை. ஆண்டுதோறும் குளிர்காலத்தில் அய்யனோர், அம்மனோர் திருவிழா வருகிறது, குழல் வேண்டும். ஊரில் ஒரு சாவு விழுகிறது; குழல் வேண்டும். குழல் இல்லாவிட்டால் காரியம் நடக்காது. ஆகவே குழல் இருக்கிறது!

ஏழு ஊர்க்காரர்கள் காப்பாற்றியதை, ஏழு கோடித் தமிழர் காப்பாற்றவில்லை. தமிழரின் ஆதி வாத்தியமான யாழ் எங்கே?

பெயர் இருக்கிறது, ஓசை இல்லை

ஏட்டிலே யாழுக்குக் குறைவில்லை. பத்துப்பாட்டில் பாணர்கள் சீறியாழும் பேரியாழும் சுமந்து வள்ளல்களைத் தேடி நடக்கிறார்கள். பொருநராற்றுப்படை யாழின் பத்தர், போர்வைத் தோல், கோடு, திவவு, நரம்பு என்று உறுப்பு உறுப்பாக வருணிக்கிறது. கோவலனும் மாதவியும் கடற்கரையில் பிரிவதற்கு யாழ்ப் பாட்டே காரணமாகிறது. பேரியாழுக்கு 21 நரம்பு, மகர யாழுக்கு 19, சகோட யாழுக்கு 14, செங்கோட்டி யாழுக்கு 7 என்று சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்குநல்லார் கணக்குச் சொல்கிறார். ஞானசம்பந்தரின் பாட்டுக்குத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழ் வாசித்த கதையைப் பெரியபுராணம் பாடுகிறது.

பிறகு வீணை வந்தது. யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம். வீணையிலோ ஒரே தந்தியை மெட்டின் மேல் இழுத்துக் கமகத்தைக் குழைத்துக் கொடுக்கலாம். ரசனை கமகத்தின் பக்கம் போயிற்று. யாழ் மூலைக்குப் போயிற்று. வாசிப்பவன் இல்லை என்றதும் செய்பவனும் இல்லாமல் போனான். மிஞ்சியது பெயர் மட்டும்.

ஒரு துறவியின் உழைப்பு

இந்த வழக்கை மறுபடியும் எடுத்து வாதாடியவர் விபுலானந்த அடிகள். கிழக்கிலங்கைக் காரைதீவில் 1892-ல் பிறந்தவர்; விஞ்ஞானம் படித்தவர்; ராமகிருஷ்ண மடத்துத் துறவி; அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். பழைய செய்யுட்களில் புதைந்து கிடந்த யாழின் இலக்கணத்தைக் கணிதத்தின் துணைகொண்டு வெளியே எடுத்தார். பல ஆண்டு உழைப்பின் பயனான 'யாழ் நூல்', கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் முயற்சியில், 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19-ந் தேதி அடிகள் மறைந்தார்.

நூல் அரங்கேறியது, யாழ் அரங்கேறியதா? பொருட்காட்சிக்கு மாதிரிகள் செய்தார்கள். விழா மலர்களில் படம் போட்டார்கள். பெண் குழந்தைகளுக்கு யாழினி என்று பெயர் வைத்தார்கள். ஆனால் யாழைக் கற்றுக்கொண்டு, அதனால் சோறு சாப்பிடும் வித்வான் ஒருவர் வேண்டுமே? அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

துருக்கியில் நடந்தது

இந்தக் கதி யாழுக்கு மட்டும் வந்ததல்ல. துருக்கியில் 'செங்' என்று ஒரு வாத்தியம் இருந்தது. அதுவும் யாழ் இனமே. உதுமானிய சுல்தான்களின் காலத்துச் சித்திரங்களில் அதை மடியில் வைத்து வாசிக்கும் மாதர்களைக் காணலாம். பதினேழாம் நூற்றாண்டோடு அது மறைந்தது. அந்நாட்டு இசையின் நுண்ணிய சுர பேதங்களுக்கு ஒவ்வொரு தந்தியையும் மாற்றிச் சுருதி கூட்டுவது பெருந்தொல்லை என்பதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. யாழ் கதையேதான்!

ஆனால் 1990-களில் பிக்ரெத் கரகாயா என்ற இசைவாணர் அந்தச் சித்திரங்களைப் பார்த்தே செங்கைச் செய்து, பழைய உதுமானிய இசையை வாசிக்கும் குழு ஒன்றையும் அமைத்தார். மேல்நாட்டு ஹார்ப்பில் பேர்பெற்ற ஷிரின் பன்ஜரோலு என்ற அம்மையார் செங்கையும் மேடைக்குக் கொண்டுவந்தார். அதாவது, வாத்தியம் செய்த கையோடு அதற்குப் பாட்டும் மேடையும் தேடிக் கொடுத்தார்கள். சூட்சுமம் அதுதான்.

பக்கத்துப் பர்மாவைப் பாருங்கள். அங்கே 16 நரம்புள்ள வில்யாழ் சாகவே இல்லை. மான்தோல் போர்த்த அந்தக் கருவி முன்பு அரசவைப் பாட்டுக்குத் துணை. இன்று சங்கீதப் பள்ளியில் பாடம். உருவத்தில் அது பழந்தமிழ் யாழுக்கு நெருங்கிய உறவு.

என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டிலும் நல்ல அறிகுறி தோன்றியிருக்கிறது. சென்னையில் 'உரு' என்ற பட்டறை நடத்தும் தருண் சேகர் என்ற இளைஞர், சங்கப் பாடல்களின் வருணனையை ஆதாரமாகக் கொண்டு யாழ் செய்து, 2021-ல் அதை வாசித்துப் பாட்டும் வெளியிட்டார். ஓர் இளைஞரால் இவ்வளவு முடியுமானால் அரசாங்கமும் சங்கங்களும் சேர்ந்தால் முடியாதா?

"வீணை இருக்கும்போது யாழ் எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். யாழை வீணையோடு போட்டிக்கு விட்டால் யாழ் தோற்கும்; ஒருமுறை தோற்றும் இருக்கிறது. கமகம் நிறைந்த கீர்த்தனையை அதன் தலையில் கட்டக்கூடாது. அதற்கு உரிய வேலையை அதற்குக் கொடுக்க வேண்டும்.

முதல் வேலை, தேவாரம். கோயில்களில் ஓதுவார்கள் தனியே பாடுகிறார்கள். பெரிய தலங்கள் சிலவற்றிலாவது பக்கத்தில் ஒரு யாழ் வாசிப்பவரைச் சம்பளத்தோடு அமர்த்தலாம். சம்பந்தரின் பதிகத்தை யாழில் அடக்க முடியாமல் யாழ்ப்பாணர் யாழை முறிக்க ஓங்கினார் என்று சொல்லப்படும் தருமபுரம், காரைக்கால் பக்கம் இருக்கிறது. அங்கேயே தொடங்கினால் என்ன?

இரண்டாவது வேலை, பள்ளிக்கூடம். ஒரு நரம்புக்கு ஒரு சுரம் என்பது வித்வானுக்குக் குறை, குழந்தைக்கோ வரப்பிரசாதம். தொட்டால் சுரம் பேசும். ஏழு நரம்புச் சிறு யாழ் ஒன்று பாட்டு வகுப்பில் இருந்தால் சுருதி ஞானம் தானே வரும்.

மூன்றாவது, செய்பவருக்குப் பிழைப்பு. தஞ்சாவூரில் பலாமரத்தில் வீணை கடையும் கைகள் இருக்கின்றன. ஆண்டுக்கு இத்தனை யாழ் வாங்கிக்கொள்கிறோம் என்று இசைக் கல்லூரிகள் உறுதி சொன்னால் அந்தக் கைகள் யாழும் கடையும். அடிகளின் நூலும் அப்போது அலமாரியிலிருந்து இறங்கிப் பட்டறைக்குப் போகும்.

இவற்றுக்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். சிலைக்கும் தோரணவாயிலுக்கும் செலவழிப்பதில் ஒரு சிறு பங்கு போதும்.

பெருமை பேசி எந்த வாத்தியமும் பிழைத்ததில்லை. கோயிலில் ஒரு நாள் யாழ் வராமற்போனால், "எங்கே யாழ்க்காரர்?" என்று நாலு பேர் கேட்க வேண்டும். அந்தக் கேள்வி பிறக்கும் நாளில்தான் யாழ் பிழைத்ததாகக் கொள்ளலாம்.