ஒரு நாள் உழைப்பு போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவில் யூதப் பிள்ளைகள் கோடை முகாமின்போது நகர்ப்புறப் பண்ணைகளில் தொண்டு செய்வது பற்றிய உங்கள் கட்டுரை மனநிறைவு தந்தது. வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவிட வேண்டும் என்பது யூத வேதநூலான லேவியராகமத்தின் கட்டளை. அது 60-இல் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது என்று யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா அளவே சொல்லிவிடுகிறது. வயலையே பார்த்திராத நகரத்துப் பிள்ளைகள் அதை மண்ணில் இறங்கிக் கற்பது எவ்வளவு நல்ல காரியம்! பெர்க்லியின் ‘அர்பன் அடாமா’ என்ற யூதப் பண்ணை விளைச்சலை இலவசமாக வழங்குவதையும் கட்டுரையில் சேர்த்திருக்கலாம்.

எங்கள் சமூகத் தோட்டத்துக்கும் ஒரு முகாமிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். சொட்டுநீர்க் குழாயில் அடைத்திருந்த மண்ணை ஒரு சிறுமி ஊசியால் குத்திக் குத்தி எடுத்தாள். தண்ணீர் சொட்டும்வரை இடத்தைவிட்டு எழவில்லை. ஆனால் வந்தது ஒரே நாள். சில வாரங்களில் களை மறுபடி மண்டிவிட்டது. இந்தப் பகுதியில் கோடையில் மழை பெய்வதே அரிது என்பதால் ஜூலை, ஆகஸ்டில்தான் பாசனத்தைக் கவனிக்க ஆள் அதிகம் தேவை.

முகாம் நடத்துவோர் அதே பிள்ளைகளை அதே தோட்டத்துக்கு வாரந்தோறும் அனுப்ப வேண்டும். பறித்த காய்கறியை உணவு வங்கியில் சேர்க்கும்போதும் அவர்களை உடன் அழைத்துச் செல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஓக்லாந்து, கலிபோர்னியா