மலையகம் முதல் கொடைக்கானல் வரை: மண்ணிழந்தோரும் நம் கடமையும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

 

சென்ற மாதம் மதரஸாவில் பிலால் (ரலி) அவர்களின் வரலாற்றை நடத்தினேன். சுடுமணலில் கிடத்தி நெஞ்சில் பாறை ஏற்றப்பட்ட அந்தக் காட்சியைக் கேட்டு மாணவர்கள் கண்கலங்கினர். பாடம் முடிந்த சிறிது நேரத்தில், வாசலில் அரிசி மூட்டை இறக்க வந்த தொழிலாளி ஒருவரைப் பார்த்து, "சிலோன் அகதி வந்திருக்கு" என்று ஒரு மாணவன் தன் தோழனிடம் சொல்லிச் சிரித்தான். அந்த அஃறிணைச் சொல் என் நெஞ்சில் தைத்தது. சற்று முன் கண்கலங்கியவர்களில் அவனும் ஒருவன். பிழை அவனுடையது மட்டுமன்று. ஒடுக்கப்பட்டோரின் வரலாற்றை எங்கோ, எப்போதோ நடந்ததாகவே நாம் கற்பித்து வருகிறோம்.

1964ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். அவ்வாண்டு ஏப்ரலில் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் ஹஜ்ஜுக்குச் சென்றார். வெள்ளை நிறத்தாருடன் ஒரே தட்டில் உண்டு, ஒரே அணியில் தொழுத அனுபவம் தம் எண்ணத்தையே மாற்றியதாக மக்காவிலிருந்து எழுதினார். ஜூலையில் அமெரிக்காவில் குடிசார் உரிமைகள் சட்டம் நிறைவேறியது. இந்நிகழ்வுகளை நம் பேச்சாளர்கள் அடிக்கடி எடுத்துரைக்கின்றனர். ஆனால் அதே ஆண்டு அக்டோபர் 30இல், நம் இரத்த உறவுகளான இலட்சக்கணக்கான மக்களின் தலையெழுத்தை, அவர்களிடம் ஒரு சொல்லும் கேளாமல் இரண்டு அரசுகள் எழுதின. அதுவே சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம்.

அம்மக்கள் யார்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சத்தாலும் சாதிக் கொடுமையாலும் விரட்டப்பட்டு, கங்காணிகளின் சொல்லை நம்பி, இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர்கள். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்தனர். வழியிலேயே மாண்டோர் ஏராளம். அவர்களுடைய உழைப்பால் அந்நாடு செழித்தது. ஆனால் விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே இலங்கை அரசு இயற்றிய குடியுரிமைச் சட்டம், தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ அந்நாட்டில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. லயத்தில் பிறந்து லயத்திலேயே மடிந்த கூலிகளிடம் காகிதம் ஏது? பெருந்தொகையினர் நாடற்றவர் ஆயினர்.

கறுப்பின மக்கள் குடிமக்களாக முடியாது என்று 1857இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அம்மண்ணின் பூர்வகுடியினர் அனைவருக்கும் 1924ஆம் ஆண்டில்தான் குடியுரிமை வழங்கப்பட்டது. உழைப்பவனையும் மண்ணுக்குரியவனையும் அந்நியனாக்கும் சட்டம் ஒரு நாட்டுக்கோ ஓர் இனத்துக்கோ மட்டும் உரிய நோயன்று என்பதற்கு இவை சான்று.

1964 ஒப்பந்தம் சுமார் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் சரிபாதியாகப் பிரித்தது. தலைமன்னாரில் கப்பலேறியவர்களுக்கு 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். பலர் அதுவரை கண்டிராத தாயகம் அது!

அவர்களில் ஒரு பகுதியினர் நம் கொடைக்கானல் மலைக்கு வந்து சேர்ந்தனர். அங்கே மரம் வெட்டவும் பட்டை உரிக்கவும் முன்பணத்துக்குக் கட்டுண்டு, கொத்தடிமைகளாக உழன்றவர்களின் நிலை 1980களில் வெளிச்சத்துக்கு வந்தது. இங்குதான் நம் ஊர் கணக்குப் பார்க்க வேண்டும். என் தந்தையார் பேகம்பூர்ப் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். மலையிலிருந்து லாரியில் வரும் சீகைப் பட்டையில்தான் தோல் பதமாகும் என்பார். அந்தப் பட்டையை உரித்த கை யாருடையது என்று அவரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. அந்தத் தோல் ஈட்டித் தந்த கூலியில்தான் நான் ஓதிப் படித்தேன். உழைப்பவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்குமாறு பணித்த நபி (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம்.

பின்னர் 1983 இனக்கலவரத்தைத் தொடர்ந்து அகதிகளாக வந்தோரிலும் மலையகத் தமிழர்கள் உண்டு. 2021இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. 2022இல் நம் தோட்டனூத்தில் 321 வீடுகள் கட்டித் திறக்கப்பட்டன. வரவேற்கத்தக்கது. ஆயினும் வீடு கிடைத்ததால் குடியுரிமை கிடைத்துவிடவில்லை. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளையும் ஆறு சமயத்தாரையும் குறிப்பிட்டது; அதில் முஸ்லிம்களும் இல்லை, இலங்கையிலிருந்து வந்தோரும் இல்லை. நமக்கு இழைக்கப்பட்டதை மட்டும் அநீதி என்று பேசுவது நீதியன்று, தன்னலம். நமக்கோ நம் உறவினருக்கோ பாதகமாயினும் நீதியில் நிலைத்திருக்க வேண்டும் என்பதே இறைமறையின் போதனை.

நபித்தோழர் ஒருவர் இன்னொருவரை அவருடைய தாயைச் சொல்லி இழிவுபடுத்தியபோது, அவரிடம் இன்னும் அறியாமைக் காலத்தின் குணம் எஞ்சியிருப்பதாக நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். மக்கா வெற்றியின்போது கஅபாவின் மீது ஏறிப் பாங்கு சொல்ல அவர்கள் தேர்ந்தெடுத்தது பிலால் (ரலி) அவர்களையே. மதீனாவின் அன்சாரிகள் முஹாஜிர்களுக்கு அனுதாபத்தை மட்டும் தரவில்லை. தம் வீட்டிலும் தோட்டத்திலும் பங்கு தந்தார்கள்.

நம்மால் இயன்றவை சில உண்டு. நம் கடைகளிலும் பட்டறைகளிலும் முகாமிலிருந்து வரும் தொழிலாளிக்கு உள்ளூராருக்குரிய அதே கூலியைக் கொடுப்போம். நம்மிடையேயுள்ள வழக்கறிஞர்களும் பட்டதாரிகளும் அம்மக்களின் மனுக்களுக்கும் சான்றிதழ்களுக்கும் உதவட்டும். ஜும்ஆ உரைகளில் மால்கம் எக்ஸைச் சொல்லும் நாவு, தோட்டனூத்தையும் சொல்லட்டும்.

அந்த மாணவனை நான் அடிக்கவில்லை. மறுநாள் அதே தொழிலாளி வந்தபோது, தேநீர் கொண்டுபோய்க் கொடுத்து அவருடைய பெயரைக் கேட்டு வரச் சொன்னேன். திரும்பி வந்தவன், "ஹஜ்ரத், அவரோட தாத்தா நம்ம வேடசந்தூர்ப் பக்கமாம்" என்றான்.

நிறத்தாலும் பிறந்த மண்ணாலும் அன்றி, இறையச்சத்தால் மட்டுமே மனிதரை மதிக்கும் உள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.