முகாமில் கொடுக்கும் காலுக்கு உணர்ச்சியும் வேண்டும்

விருதுநகர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

செயற்கைக் கால் வழங்கும் முகாம்களில் எடுக்கிற படங்களில் எல்லோரும் நிமிர்ந்து நிற்கிறார்கள். அதே ஆட்களை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் பாருங்கள், குனிந்த தலை நிமிராமல் நடப்பார்கள். பாதம் தரையில் பட்டதா என்று கண்ணுக்குத்தான் தெரியும், காலுக்குத் தெரியாது. மினி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கம்பியை விடாமல் காலை நீட்டித் தரையை இரண்டு தரம் தட்டிப் பார்ப்பார்கள். பின்னால் நிற்பவர் ‘சீக்கிரம் இறங்குங்க’ என்பார். இருட்டிவிட்டால் பலர் வீட்டை விட்டே கிளம்புவதில்லை.

இதற்கு ஒரு வழி உண்டு. உள்ளங்காலில் அழுத்தம் அறியும் சென்சார், தொடையில் ஒரு பட்டை, பட்டைக்குள் செல்போனை அதிரவைக்கும் அதே குட்டி மோட்டார்கள். குதிகால் ஊன்றினால் தொடையின் பின்பக்கம் அதிரும். முன்பாதம் ஊன்றினால் முன்பக்கம். இதே உணர்ச்சியைத் தர, சூரிச் ஈ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காலை இழந்த இரண்டு பேரின் தொடை நரம்புக்குள்ளேயே மின்முனை பதித்து நடக்கவைத்து 2019-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மணலில் வேகம் கூடியது, இல்லாத காலில் வந்த வலியும் குறைந்தது. அந்த அறுவைச் சிகிச்சை நமக்குக் கட்டுப்படியாகாது. பட்டை ஆகும்.

ஆனால் அதை வாங்கிவந்து மாட்டிவிட்டால் தீர்ந்தது என்று நான் நம்பவில்லை. நம் வெயிலில் பட்டை வியர்வையில் நழுவும். சர்க்கரை நோயால் காலை எடுத்தவர்களுக்கு மிச்சமுள்ள காலிலும் உணர்ச்சி மங்கியிருக்கலாம். எந்த இடத்தில் அதிர்ந்தால் தெரியும் என்பதை ஒவ்வொருவருக்கும் கட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். சில வாரங்களில் அதிர்வு பழகிப்போய் உறைக்காமலும் போகலாம். இதையெல்லாம் இங்கேதான் சோதிக்க வேண்டும்.

ஆளுக்கும் குறைவில்லை. கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2022-இல் ‘கதம்’ என்ற செயற்கை முழங்காலை வெளியிட்ட சென்னை ஐஐடி குழுவை ஒரு கடிதம் எழுதி அழைக்கலாம். பட்டைக்குத் துணியா? ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி நெய்தே பிழைக்கிற ஊர்.

அடுத்த முகாமில் விருப்பமுள்ள பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து, இந்தப் பட்டையைக் கட்டி, அரசு மருத்துவமனை பிசியோதெரபிஸ்ட் துணையோடு ஆறு மாதம் நடக்கவிடுங்கள். வழவழப்பான ஆய்வகத் தரை வேண்டாம். தேரோடும் வீதி, சந்தைச் சேறு, சாக்கடை மூடிய கல் இவற்றின் மேல் நடக்கட்டும். பலனில்லை என்றால் அதையும் வெளியிடுங்கள்.

இன்னொன்று. எத்தனை கால் கொடுத்தோம் என்ற கணக்கோடு, ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் அதைப் போட்டு நடக்கிறார்கள் என்ற கணக்கும் உங்கள் மேஜைக்கு வரும்படி உத்தரவிடுங்கள். அதற்கு நிதி ஒதுக்கக்கூட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ராஜபாளையத்துக்காரன்