அஞ்சடிப் பேச்சு: கருவாட்டு வண்டிக்கு மின்சாரமா?



தஞ்சோங் டாவாய்க்குப் போகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு போவார்கள். திரும்பும்போது இரண்டு கையிலும் பையைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். மெர்போக் ஆறு கடலில் கலக்கும் அந்தக் கரைக்குப் போய், நெத்திலியும் கருவாடும் பெலாச்சானும் வாங்காமல் வந்தவர் நம்மில் யார்? படகேறி எதிர்க்கரையில் இருக்கும் பந்தாய் மெர்டேக்காவுக்குப் போவது பிள்ளைகளுக்குத் திருவிழா. வீட்டுக்கார அம்மாமாருக்கோ கருவாட்டுக் கடையில் விலை பேசுவதே திருவிழா.

அந்தக் கருவாட்டை நம் தோட்டத்து வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கும் வியாபாரிகளும் இருக்கிறார்கள். என் அக்காள் மகன் அவர்களில் ஒருவன். விடியற்காலையில் பீடோங் பக்கத்திலிருந்து பழைய டீசல் பிக்கப்பில் புறப்படுவான். தஞ்சோங் டாவாயில் சரக்கு எடுப்பான். தோட்டம் தோட்டமாகச் சுற்றுவான். மாலையில் இரவுச் சந்தையில் கடை போடுவான். ஆறு ஆண்டுகளாக இதுதான் அவன் பிழைப்பு.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் என் வீட்டுக்கு வந்தான். கையிலிருந்த தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். பளபளவென்று ஒரு மின்சாரப் பிக்கப்.

"மாமா, டீசல் போட்டு மாளலே. இத வாங்கிட்டா ராத்திரி பிளக்க மாட்டுறது, காலையில ஓட்டுறது. அப்பாவுக்கு அடுத்த வருசம் சேமநிதிப் பணம் வருது. முன்பணம் கட்டிடலாம். நீங்க என்ன சொல்றீங்க?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. அத்தான் நாற்பது ஆண்டுக்குமேல் பால்வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் சேர்த்த பணம் அது. "ரெண்டு வாரம் பொறு. தினமும் எத்தனை கிலோமீட்டர் ஓடுறேன்னு ஒரு நோட்டுல எழுது. அதுக்குள்ள நானும் விசாரிக்கிறேன்" என்று அனுப்பிவைத்தேன். இந்த வண்டியோடு ஓராண்டு ஈராண்டு வாழ்ந்து பார்த்தவர்கள் என்ன கற்றுக்கொண்டார்கள் என்று தேடிப் படித்தேன். அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பையன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து ஒரே நாளில் 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. தகுதியுள்ள தனிநபர்களுக்கு மாதம் 200 வெள்ளி உதவித்தொகை அறிவிக்கப்பட்டது என்றாலும், நாள்தோறும் ஓடிப் பிழைக்கும் சிறு வியாபாரிக்கு அந்த அடி பலமானதுதான்.

சரி, கணக்குக்கு வருவோம். பிரிட்டனில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த மின்சாரப் பிக்கப் மாக்சஸ் டி90 இ.வி. அதன் பேட்டரி 88.5 யூனிட் மின்சாரம் பிடிக்கும். முழுதாக ஏற்றினால் 330 கிலோமீட்டர் ஓடும் என்பது சோதனைக் கணக்கு. அதாவது 100 கிலோமீட்டருக்கு 27 யூனிட். மின்சாரம் ஏற்றும்போது கொஞ்சம் வீணாகும். அதையும் சேர்த்து 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூலையில் நடப்புக்கு வந்த கட்டண முறையில் மாதம் 1,500 யூனிட்டுக்குள் எரிக்கும் வீட்டுக்கு யூனிட் ஏறக்குறைய 45 காசு. அப்படியானால் 100 கிலோமீட்டருக்கு 13 வெள்ளி 50 காசு.

பழைய டீசல் பிக்கப் அதே தூரத்துக்குப் பத்து லிட்டர் குடிக்கும். லிட்டர் 3 வெள்ளி என்று வைத்தாலும் 30 வெள்ளி. மாதம் 25 நாள் ஓடினால் மிச்சம் 400 வெள்ளிக்குமேல். வீட்டு மின்சாரம் அதிகமாக எரிவதால் குறையும் தள்ளுபடியையும், கூடும் வரியையும் கழித்தாலும் 300 வெள்ளி கையில் நிற்கும். ஒரு குடும்பத்தின் அரிசி பருப்புச் செலவு அது!

ஆனால் இந்த இலாபம் வீட்டில் மின்சாரம் ஏற்றுகிறவனுக்குத்தான் கிடைக்கும். வண்டிக்காரர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் பாடமே இதுதான். நெடுஞ்சாலை ஓரத்திலும் பேரங்காடியிலும் இருக்கும் விரைவு மின்னேற்றிகளில் யூனிட் ஒரு வெள்ளிக்குமேல் ஆகும். ஒன்றரை வெள்ளி கொடுத்து ஏற்றினால் அதே 100 கிலோமீட்டருக்கு 40 வெள்ளி, டீசலைவிட அதிகம். வீட்டில் ஏற்ற வசதி இல்லாதவன் மின்சார வண்டி வாங்கினால், காசை மிச்சம் பிடிக்கப் போய்க் காசைக் கொட்டிவிட்டு வருவான்.

வீட்டில் ஏற்றுவது என்றால் எப்படி? நாம் சோற்றுப் பானைக்குச் சொருகும் சாதாரண மூன்று முனைச் சுவிட்சில் பத்து மணி நேரம் போட்டு வைத்தால், எழுபது எண்பது கிலோமீட்டர் ஓடும் அளவுக்குத்தான் ஏறும். காலி பேட்டரியை நிரப்ப ஒன்றரை நாளுக்குமேல் பிடிக்கும். அதனால் நாள்தோறும் நூறு கிலோமீட்டர் ஓடுகிறவர்கள் 7 கிலோவாட் பெட்டி ஒன்றைச் சுவரில் மாட்டிக்கொள்கிறார்கள். அதற்குத் தனிக் கம்பி, தனி பியூஸ், மின் கசிந்தால் உடனே வெட்டிவிடும் சுவிட்ச், பதிவு பெற்ற வயர்மேன் எல்லாம் வேண்டும். பழைய வீட்டின் மெல்லிய கம்பியில் நீட்டுக் கம்பி போட்டு இரவு முழுவதும் ஏற்றினால் கம்பி சூடேறும். வீடே எரிந்துபோகும் ஆபத்து அது. விளையாட்டில்லை.

இரண்டாவது பாடம், காகிதத்தில் எழுதிய தூரமும் பாதையில் ஓடும் தூரமும் ஒன்றல்ல என்பது. அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 2022இல் எஃப்-150 லைட்னிங் என்ற மின்சாரப் பிக்கப்பை விற்கத் தொடங்கியது. பெரிய பேட்டரி போட்ட வண்டி ஏறக்குறைய 510 கிலோமீட்டர் ஓடும் என்றார்கள். வாங்கியவர்கள் பின்னால் உயரமான இழுவண்டியைக் கட்டி இழுத்தபோது அது பாதியாகக் குறைந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. எடையைவிடக் காற்றுதான் பெரிய எதிரி. தொட்டியில் தாழ்வாக அடுக்கிய சுமைக்குத் தூரம் ஓரளவுதான் குறையும். அதையே உயரமாக அடுக்கித் தார்ப்பாய் போட்டுக்கொண்டு நெடுஞ்சாலையில் 110இல் பறந்தால் பேட்டரி கண்ணெதிரே இறங்கும். கருவாட்டு மூட்டை எடை குறைவுதான். ஆனால் உயரம் அதிகம்.

தோட்டத்துப் பாதையில் கதை வேறு. நின்று நின்று போகும் ஓட்டத்தில் டீசல் வண்டி அதிகமாகக் குடிக்கும். மின்சார வண்டிக்கோ மெதுவான ஓட்டம்தான் பிடிக்கும். பிரேக் போடும்போதும் மேட்டிலிருந்து இறங்கும்போதும் மோட்டார் திரும்ப மின்சாரம் தயாரித்துப் பேட்டரிக்குக் கொடுக்கிறது. ஒவ்வொரு லயத்து முனையிலும் நின்று மணியடிக்கும் கருவாட்டு வண்டிக்கு இது மிகவும் பொருத்தம்.

மூன்றாவது பாடம் பாரம். பேட்டரி மட்டுமே பல நூறு கிலோ எடை. அதனால் டயர் சீக்கிரம் தேயும். இழுக்கும் திறனும் குறைவு: டீசல் பிக்கப் மூன்று டன் இழுக்கும் இடத்தில் மாக்சஸ் ஒரு டன்தான் இழுக்கும். செம்பனைக் குலையை அளவுக்குமீறி அடுக்கிப் பழகியவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

நான்காவது பாடம் தஞ்சோங் டாவாய்க்காரர்களுக்கென்றே சொன்னது போல இருக்கிறது. பேட்டரிப் பெட்டி இறுக மூடப்பட்டது. மழைக்கும் தெருவெள்ளத்துக்கும் பெரிதாக அஞ்சவேண்டியதில்லை. உப்புத் தண்ணீர் அப்படியல்ல. 2022இல் அமெரிக்காவின் புளோரிடாவில் இயன் புயல் அடித்துக் கடல்நீர் ஊருக்குள் புகுந்தது. அதில் மூழ்கிய மின்சாரக் கார்கள் சில, தண்ணீர் வடிந்து நாளான பிறகும் தீப்பற்றி எரிந்தன. 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி வந்து கோத்தா கோலமூடாவை அழித்ததைப் பார்த்தவர்கள் நாம். கடலோரத்தில் வண்டியை எங்கே நிறுத்துகிறோம் என்பதில் கவனம் வேண்டும். கடல்நீரில் மூழ்கிய மின்சார வண்டியை வீட்டை விட்டுத் தள்ளியே வைக்கவேண்டும்.

இனி ஒரு நல்ல செய்தி. இத்தகைய சில வண்டிகளிலிருந்து வெளியே மின்சாரம் எடுக்கலாம். லைட்னிங் வண்டியில் 9.6 கிலோவாட் வரை எடுத்து, மின்சாரம் போன நாளில் வீட்டையே நடத்தியவர்கள் உண்டு. இரவுச் சந்தையில் ஜெனரேட்டர் சத்தமும் புகையும் இல்லாமல் நான்கு விளக்கும் ஒரு தராசும் எரிவதற்கு அதில் நூறில் ஒரு பங்கு போதும்.

யாருக்கு இந்த வண்டி ஒத்துவந்திருக்கிறது என்று பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. இந்தியாவில் டாட்டா நிறுவனம் 2022இல் ஏஸ் இ.வி. என்ற சின்ன லோரியைக் கொண்டுவந்தது. 21.3 யூனிட் பேட்டரி, 600 கிலோ பாரம், சோதனைக் கணக்கில் 154 கிலோமீட்டர். அதைக் கேட்டு முதலில் வந்தவர்கள் வீடு வீடாகச் சாமான் அனுப்பும் கம்பெனிகள். பக்கத்து நாடான தாய்லாந்தில், பட்டாயா நகரில், 2024இல் மின்சார ஹைலக்ஸ் வண்டிகளைப் பயணிகளை ஏற்றும் சோதனைக்கு விட்டார்கள். போகும் பாதை தெரிந்தது, தூரம் தெரிந்தது, இரவில் திரும்பி வரும் இடமும் தெரிந்தது. அப்படிப்பட்ட தொழிலுக்கு இது நல்ல வண்டி.

கடன் விஷயத்தையும் சொல்லிவிடவேண்டும். புதிய வண்டிக்கு ஒன்பது ஆண்டு வரை தவணை கொடுக்கிறார்கள். பேட்டரிக்குப் பல நிறுவனங்கள் கொடுக்கும் உத்தரவாதம் எட்டு ஆண்டு. கடைசி ஓராண்டுத் தவணை யார் பொறுப்பு? அதோடு, 2025 டிசம்பரில் ஃபோர்டு நிறுவனம் லைட்னிங் மின்சாரப் பிக்கப் தயாரிப்பையே நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. பெரிய கம்பெனிகளே திட்டத்தை மாற்றும் காலம் இது. வாங்கப் போகிறவர், உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும், பழுது பார்க்கும் பட்டறை சுங்கைப்பட்டாணியில் உண்டா, பினாங்குக்குப் போகவேண்டுமா என்றெல்லாம் கையெழுத்துப் போடுமுன் கேட்கவேண்டும்.

இரண்டு வாரம் கழித்து அக்காள் வீட்டுக்குப் போனேன். அஞ்சடியில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தோம். பெரும்பாலான நாள்களில் நூறு கிலோமீட்டருக்குள். கூலிம் போன இரண்டு நாள் மட்டும் நூற்றைம்பது. பையன் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா மாமா? எனக்குன்னே செஞ்ச வண்டி!"

உண்மைதான். தூரம் சரி, பாரம் சரி, பாதை சரி. நான் நிமிர்ந்து, சுவரில் தொங்கிய பழைய மின்கம்பியைப் பார்த்தேன். 1970களில் இதே போன்ற லயத்தில்தான் நாங்கள் வளர்ந்தோம். மாலையில் தோட்டத்து இஞ்சின் ஓடும்; பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள்; பிறகு மண்ணெண்ணெய் விளக்குதான். இன்று நாள் முழுவதும் மின்சாரம் இருக்கிறது. ஆனால் வீடு தோட்டத்து வீடு. சுவரும் தோட்டத்துச் சுவர். அதில் 7 கிலோவாட் பெட்டி மாட்ட நம் கையில் உரிமை இல்லை. அத்தானுக்கு அடுத்த ஆண்டு அறுபது வயது. வேலை முடிந்ததும் வீட்டைக் காலி செய்துகொடுக்க வேண்டும்.

"தம்பி, எல்லாம் சரிதான். வண்டியை எந்தச் சுவத்துல மாட்டுவே?" என்று கேட்டேன்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வண்டி ஓடினாத்தானே மாமா வீடு வாங்க முடியும்?" என்றான். அதற்கு என்னிடம் உடனடியாகப் பதில் இல்லை. அவன் கேட்டதும் நியாயமான கேள்விதானே.

பதில் சொன்னது என் அக்காள். தேநீரை வைத்துக்கொண்டே சொன்னாள்: "மொதல்ல நாங்க படுக்க ஒரு இடம் பாரு. வண்டி படுக்கிற இடம் அதுக்குப் பின்னால தானா வரும்."

இப்போது பீடோங் பக்கம் ஒரு மலிவு விலைத் தரைவீடு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முன்னால் வண்டி நிறுத்த இடமும், சொந்தப் பெயரில் மீட்டரும் உள்ள வீடாக இருக்கவேண்டும் என்று பையன் சொல்லியிருக்கிறான். அதுவரை பழைய டீசல் வண்டியே ஓடட்டும் என்று முடிவு. அடுக்குமாடி வீடு வாங்கப் போகும் பிள்ளைகளுக்கும் இதையே சொல்வேன்: கீழே வண்டி நிறுத்துமிடத்தில் மின்சாரம் ஏற்ற வழி செய்வார்களா என்று இன்றே கேட்டு வையுங்கள்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள் பெரியவர்கள். மின்சார வண்டி விஷயத்தில் அந்த ஆழத்தை அளக்க ஒரு நோட்டும் பென்சிலும் இரண்டு வாரமும் போதும். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்? எவ்வளவு பாரம்? இரவில் வண்டி எந்த வீட்டு வாசலில் நிற்கும், அந்த மீட்டர் யார் பெயரில் இருக்கிறது? மூன்றுக்கும் நல்ல பதில் வைத்திருக்கிறவர் தைரியமாக வாங்கலாம். ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் கொஞ்சம் பொறுப்பதில் குற்றமில்லை.